மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை

என் அண்ணன் மகனுக்கு இரண்டு வயது நிரம்பிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கேட்டது கிடைக்காவிட்டால் அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். முதலில் வாய் திறக்கும், அழுகை வெளிவராது. உதடு கறுக்கும், முகம் நீலம் பாரிக்கும், கைகால் விறைத்து அப்படியே சாய்வான். அந்தக் கணத்தில் வீட்டில் ஒருவருக்கும் உயிர் இராது. பிறகு ஒரு பெருமூச்சு, ஓர் அலறல். அலறல் அடங்கும்போது அவன் கேட்ட பொருள் அவன் கையில் இருக்கும்.

வெல்லம் கேட்டான், கொடுத்தார்கள். எரிகிற லாந்தர் வேண்டுமென்றான். அதை அணைத்து, ஆறவைத்துக் கொடுத்தார்கள். கண்ணாடியை உடைத்தான். அடுப்பில் களி கொதிக்கும்போது துடுப்பைக் கேட்டான். அன்று நாங்கள் கட்டியும் மாவுமாக இருந்த ஏதோ ஒன்றை உண்டோம். சொற்போட்டியில் நான் வென்ற வெள்ளிப் பதக்கம் ஒரு வாரம் அவன் வாயில் கிடந்தது.

அது யுத்த காலம். நான் சேலத்தில் கல்லூரி மாணவன். கோடை விடுமுறைக்கு மொரப்பூரில் ரயிலை விட்டிறங்கி அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். பெற்றோரை இழந்த எனக்கு அண்ணனும் அண்ணியும் அந்தப் பிள்ளையுமே குடும்பம். எதிர் அணியினர் எத்தனை பேர் இருந்தாலும் அவர்கள் வாதத்தை அடுக்கடுக்காகப் பிரித்து வீழ்த்தும் பயிற்சி எனக்கு இருந்தது. என் வீட்டில் எதிர் அணியே இல்லை என்பதுதான் என்னைத் தோற்கடித்தது. எல்லோரும் என்னோடு உடன்பட்டார்கள். ஒருவரும் நான் சொன்னதைச் செய்யவில்லை.

அண்ணன் அதை வலிப்பு என்று முடிவு கட்டியிருந்தார். அதற்குக் காரணமும் இருந்தது. எனக்கு மூத்தவளாக ஓர் அக்காள் பிறந்து, வலிப்புக் கண்டு, அண்ணனின் மடியிலேயே உயிர் விட்டாளாம். அப்போது அவரே சிறுபிள்ளை. ஆகவே மகன் நீலம் பாரிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் கண்ணுக்குத் தெரிந்தவள் அவள்தான். இந்த அச்சத்தை நான் மதித்தேன். அதற்கு அவர் கண்ட மருந்தைத்தான் என்னால் மதிக்க முடியவில்லை. வத்தல்மலை அடிவாரத்தில் ஒருவர் வலிப்புக்குச் சூடு போடுவார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிள்ளையின் வயிற்றில் கோடு இழுப்பார். அந்தப் புண் சீழ்பிடித்து, தூக்கினாலும் வலி, கிடத்தினாலும் வலி என்று கிடந்த ஒரு குழந்தையை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

"இன்னொருக்கா நீலம் பாஞ்சான்னா வண்டியப் பூட்டிருவேன்" என்று அண்ணன் அறிவித்துவிட்டார்.

நான் பிள்ளையைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒருநாள் வைக்கோல்போருக்குப் பின்னால் அவன் தனியாக விளையாடிக்கொண்டிருந்தான். நான் மாட்டுக் கொட்டகைக்குள் இருந்தது அவனுக்குத் தெரியாது. கோழிக்குஞ்சு ஒன்றைப் பிடிக்க முயன்றான், அது தப்பியது, அவன் முகம் குப்புற விழுந்தான். வாயைத் திறந்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். ஒருவருமில்லை. வாயை மூடிக்கொண்டு எழுந்து, மறுபடியும் குஞ்சின் பின்னால் ஓடினான். பிள்ளை கபடன் என்று நான் சொல்லவில்லை. ஆத்திரம் மூண்டால் மூச்சு அடைத்துக்கொள்கிறது. அது அவன் வசத்தில் இல்லை. ஆனால் அந்த ஆத்திரத்துக்குத் தீனி போட்டு வளர்ப்பவர்கள் நாம். இதுவே என் வாதம்.

மறுநாள் காலை கூழ் குடிக்கும்போது அதை முன்வைத்தேன். வலிப்பு ஆள் பார்த்து வராது. இது ஆள் இருந்தால்தான் வருகிறது. ஆகையால் அவன் சாய்ந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்போம், அடிபடாமல் பார்த்துக்கொள்வோம், கேட்டதை மட்டும் கொடுக்கமாட்டோம்.

அண்ணன் வாய் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான்டா பேசற. கேக்கக் கேக்க கலெக்டர் பேசறாப்புல இருக்குது. அப்படியே செஞ்சிரலாம்."

அண்ணியும் தலையாட்டினார். பொழுது உச்சிக்கு வருமுன்னரே அண்ணன் இடுப்பிலிருந்து வெல்லக்கட்டி ஒன்று பிள்ளையின் கைக்குப் போனதைப் பார்த்தேன். மாலையில் அண்ணி உப்புச் சாடியையே அவன் முன் வைத்திருந்தார்.

"என்னாங்க அண்ணி, காலைலதான ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்கிட்டேன் தம்பி. நீங்க சொல்றது புரியாமயா? ஆனா நான் தரமாட்டேன்னா அவன் நீலம் பாய்வான். பாஞ்சா உங்கண்ணன் வண்டியப் பூட்டுவாரு. உங்க பேச்சக் கேட்டா எம்புள்ள வயித்துல கம்பி. சாடியக் குடுத்தா உப்போட போச்சி."

"அப்ப இது வலிப்பில்ல, அடந்தான்னு அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"வலிப்புன்னா சாமி குத்தம், என்னெ யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அடம்னா வளத்தவ குத்தம். அந்தம்மா பேசறது உங்க காதுல வுழலியா?"

விழாமல் என்ன? பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து தினமும் கேட்பதுதான். "ஒத்தப் புள்ளைய வெச்சிக்கிட்டே இந்தப் பாடா? நான் ஏழு பெத்தேன். எங்கூட்டுதுங்களுக்கு மூச்சப் புடிக்க ஏது நேரம்? கஞ்சிக்கு அடிச்சிக்கவே பொழுது பத்தல!"

வாரக் கடைசியில் அது நேர்ந்தது. அண்ணன் வேலிமுள் வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை அரிவாளைக் கேட்டான். அரிவாளை எந்தத் தகப்பன் கொடுப்பான்? "வேணாஞ்சாமி" என்றார். பிள்ளையின் வாய் திறந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அண்ணன் அவனை வாரி எடுத்துக் குலுக்கிக்கொண்டு, செத்துப்போன தங்கையின் பெயரைச் சொல்லி அலறினார். மூச்சு வழக்கம்போலத் திரும்பிவிட்டது. ஆனால் வண்டி பூட்டப்பட்டது.

வழியெல்லாம் நான் பேச வேண்டியதை மனத்துக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். சூடு போடுகிறவரிடமே வாதாடுவதென்று முடிவு செய்திருந்தேன். அண்ணி பிள்ளையை மடியில் போட்டு, அவன் வயிற்றைத் தன் முந்தானையால் மூடியே வைத்திருந்தார்.

அந்த மனிதர் வீட்டு வாசலில் கரி கனன்றுகொண்டிருந்தது. கம்பி அதில் செருகியிருந்தது. நான் முன்னே சென்று, "பெரியவரே, தாங்கள் தீயை எடுக்கும் முன் என் வாதத்தைச் சற்றே செவிமடுக்க வேண்டும்" என்று தொடங்கினேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாருங்க?"

"சிற்றப்பன்."

"அப்பிடி ஓரமா நில்லுங்க. பெத்தவங்க சொல்லட்டும்."

அத்தோடு என் உரை முடிந்தது. அவர் அண்ணியிடம் திரும்பினார். "ஏம்மா, நொரை தள்ளுதா? கண்ணு மேல சொருவுதா? தூக்கத்துல வருதா?"

அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தார். அண்ணி முந்திக்கொண்டார்.

"நொரையும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. வலிப்பே இல்ல. கேட்டது குடுக்கலன்னா இப்புடிப் பண்றான். நாங்க குடுத்துக் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கறம். வளக்கத் தெரியாதவ நாந்தாங்க."

சூட்டுக்குக் காத்திருந்த நாலைந்து பெண்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். "என்ன புள்ள பேசற?" என்றார் அண்ணன், பற்களுக்கிடையில். அண்ணி தலை குனியவுமில்லை, சொன்னதை மாற்றவுமில்லை.

அந்த மனிதர் கம்பியைக் கரிக்குள் இன்னும் உள்ளே தள்ளினார். "ஆத்தாக்காரியே இல்லேங்கறா. நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா பழி எந்தலையிலயா? கூட்டிட்டுப் போங்க. அடுத்தது யாரு?"

ஒரு வாரம் முழுவதும் நான் அடுக்கிய நியாயங்களால் ஆகாதது அங்கே முடிந்துவிட்டது. மகிழ்ச்சிதான், ஆனால் அந்த வார்த்தைகளை அண்ணி சொல்லும்படி ஆக்கிய எங்கள் இருவர் மேலும் எனக்கு அடங்காத கோபம் வந்தது. காதுள்ள இரண்டு ஆண்கள் வீட்டில் இருந்தும், பழியைத் தன் தலையில் ஏற்றாமல் அவரால் பிள்ளையை மீட்க முடியவில்லை.

திரும்பும் வழியில் அண்ணன் வண்டி ஓட்டிவந்தார். பிள்ளை சாட்டையைக் கேட்டான். அண்ணி, "வேணாம்" என்றார். வாய் திறந்தது, உதடு கறுத்தது. அண்ணன் மாட்டை நிறுத்திப் பதறித் திரும்பினார். அண்ணி பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் கையை வைத்துக்கொண்டு, மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூச்சு வந்தது, அலறல் வந்தது, அலறலும் ஓய்ந்தது. அண்ணி அசையவில்லை. சாட்டையை மறந்து, பிள்ளை சாலையோரத்துப் புளியமரங்களை எண்ணுவதுபோல விரல் நீட்டி ஏதோ பிதற்றத் தொடங்கினான். இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு மறுப்பு மறுப்பாகவே நின்றிருந்தது.

அப்போது அண்ணன் மெல்லத் திரும்பி, கேட்பதை நிறுத்திவிட்ட அந்தப் பிள்ளையின் கையில் சாட்டையைக் கொடுத்தார்.

"அண்ணா!" என்று கத்திவிட்டேன்.

"சும்மாதானடா இருக்கறான். புடிச்சிக்கட்டுமே."

அண்ணி அதைப் பிள்ளையின் விரல்களிலிருந்து பிரித்து, அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தார். வாய் மறுபடியும் திறந்தது.