சுகுமாறனின் இடது கால்

கிள்ளானில் கமலநாதனைத் தெரியாத பந்து விளையாட்டுக்காரன் ஒரு காலத்தில் இருந்ததில்லை. வாரம் முழுக்கத் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு வந்துவிட்டால் மனுஷர் டாக்டர்! தைலப் புட்டியோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, உதைபட்டு வருகிறவர்களின் கால்களையெல்லாம் உருவிவிடுவார். "அண்ணே கை வெச்சா நாளைக்கே ஓடலாம் லா" என்று ஆட்டக்காரர்கள் ஏற்றிவிட, அவருக்குத் தலைகால் புரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று எவனாவது சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இப்போது அவர் கரண்டியால்தான் சாப்பிடுகிறார். கல்யாண வீட்டு வாழை இலையில்கூட. கேட்டால் கையில் அலர்ஜி என்பார். அலர்ஜியாவது மண்ணாவது! சோற்றைப் பிசைந்தால் வலது கட்டைவிரலில் தம்பியின் கெண்டைக்கால் தட்டுப்படுகிறது. சூடாக, விறைப்பாக, அன்றைக்கு இருந்த மாதிரியே.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் தம்பி சுகுமாறன் திடலில் இடது கெண்டைக்காலில் உதை வாங்கினான். மறுநாள் கால் வீங்கிவிட்டது. கமலநாதன் தினமும் வேலை முடிந்து கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனார். சூடான தைலம் போட்டு, கீழிருந்து மேலாக அழுத்தி உருவினார். வீக்கம் இறங்கவில்லை. ரோஷம் வந்து இன்னும் அழுத்தினார். ஐந்தாம் நாள் உருவி முடித்துக் கை கழுவிவிட்டு வருவதற்குள் சுகுமாறன் மூச்சு முட்டிக் கீழே கிடந்தான். ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது உயிர் இல்லை. நாற்பத்தொரு வயது.

டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். காலில் ரத்தம் கட்டியிருந்திருக்கிறது, அந்தக் கட்டி நகர்ந்து போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்றார். "யாராவது காலை அமுக்கி விட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

வெளியே வந்து, தம்பி மனைவி வாணியிடம் ஹார்ட் அட்டாக் என்று சொல்லிவிட்டார். அவரை யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாணியோ சாவு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிச் சொல்லி அழுதாள். "கடைசி வரைக்கும் மாமாதான் அவரு காலைப் புடிச்சு விட்டாரு. யாரு செய்வா இப்படி?"

அன்றிலிருந்து தம்பி வருகிறான். பேய் என்றால் பூசாரியை வைத்து விரட்டலாம், இவனை என்ன செய்வது? பெடரல் ஹைவே நெரிசலில் லோரி நிற்கும்போது பக்கத்து சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் மெதுவா" என்பான். அந்த ஐந்தாம் நாளும் அப்படித்தான் கெஞ்சினான். "பேசாம படுடா" என்று இவர் அதட்டினார். தைலப் புட்டியை அன்றே தூக்கி எறிந்தார். திடல் பக்கம் போவதையும் விட்டுவிட்டார்.

போன சனிக்கிழமை மத்தியானம் வாணி போன் செய்தாள். "மாமா, ப்ரியா நெட்பால்ல விழுந்துட்டா. காலு பொங்கிப்போய் இருக்கு. உடனே வாங்க."

"கிளினிக் கூட்டிட்டுப் போம்மா."

"உங்க கை இருக்கிறப்போ கிளினிக் எதுக்கு?"

அவருக்குப் போக மனமில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை.

தம்பி மகள், பதினாறு வயது விஷ்ணுப்ரியா, சோபாவில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வலது கணுக்கால் உப்பிப் போயிருந்தது. கமலநாதன் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ஐஸ் இருந்தா துணியில சுத்தி வை வாணி. காலுக்குத் தலைகாணி குடு. நான் கார் எடுக்கறேன், கிளினிக் போலாம்."

வாணியின் முகம் சுருங்கியது. "ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் உருவி விட்டீங்களே மாமா. அப்பன் இல்லாத புள்ளைன்னா கை கூசுதா?"

விடுவிடுவென்று அடுப்படிக்குப் போனவள், சூடான தைலக் கிண்ணத்தோடு வந்து மகளின் காலருகே உட்கார்ந்தாள். "போங்க, நானே பாத்துக்கறேன். அஞ்சு நாள் பக்கத்துலேயே இருந்து பாத்தவதானே நான்." தைலத்தைப் பூசி, வீக்கத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"தொடாதே!"

அவர் போட்ட சத்தத்தில் கிண்ணம் கவிழ்ந்தது. ப்ரியா மிரண்டு போனாள்.

"ஹார்ட் அட்டாக் இல்ல வாணி. கால்ல ரத்தம் கட்டியிருந்துச்சு. நான் அமுக்கினது அதைத் தள்ளிவிட்டிருக்கும். யாராவது அமுக்கினீங்களான்னு டாக்டர் கேட்டாரு, இல்லன்னுட்டேன். தம்பியை நான்தாம்மா கொன்னுட்டேன்."

சொல்லி முடித்ததும் கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டார். செருப்பை எடுத்து அடிப்பாள், அடிக்கட்டும் என்று காத்திருந்தார். வாணி அடிக்கவில்லை, அழவுமில்லை. புடவைத் தலைப்பால் மகளின் காலில் இருந்த தைலத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"நாலாம் நாள் காலையில ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாணின்னு கேட்டாரு மாமா." குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான்தான் விடல. அண்ணன் மனசு நோகும், இன்னும் ரெண்டு நாள் பொறுங்கன்னு சொன்னேன். சரின்னு படுத்துட்டாரு."

கமலநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் தலையில் இருந்ததை இறக்கப் போய் அவள் தலையில் ஏற்றிவிட்டோமே, பாவி!

"நீ என்னம்மா பண்ணுவ, உனக்கு என்ன தெரியும்" என்றார்.

"உங்களுக்கு மட்டும் தெரியுமா மாமா?"

கிளினிக் இரண்டு மணிக்குச் சாத்திவிடும். கார் சாவியை எடுத்துக்கொண்டு கமலநாதன் எழுந்தார். மாடிப்படி இறங்க வேண்டும் என்பதால் ப்ரியாவிடம் கையை நீட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து வாணியும் நீட்டினாள்.

அந்தப் பெண் இரண்டு கைகளையும் மாறிமாறிப் பார்த்தாள். எதையும் பிடிக்கவில்லை. சுவரில் உள்ளங்கையை ஊன்றி, ஒற்றைக் காலால் தத்தித் தத்தி, படி படியாகத் தானே இறங்கிப் போனாள்.