ராஜா எழுந்து நின்னார்

இன்னிக்கு திருமானூர் பஸ்ல செல்லமுத்துவைப் பார்த்தேன்.

எண்பதுகள்ல எங்க ஊர்ல போட்ட சரித்திர நாடகத்துல அவர்தான் ராஜா. நான் சதிகார மந்திரி.

சதி வெளிப்பட்டதும் மந்திரி ராஜா கால்ல விழணும். ஒத்திகையில விழுந்தேன். நாடகத்தன்னிக்கு முன்வரிசையில எங்கப்பா. எங்க வயல்ல கூலிக்கு வர்றவர் கால்ல அப்பா எதிர்ல எப்படி விழுறது? விறைச்சு நின்னுட்டேன்.

ஜிகினா கிரீடத்தோட செல்லமுத்து சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்தார். "மந்திரியாரே, மன்னித்தோம்"னு வசனத்தையே மாத்திட்டார். ஊரே கைதட்டுச்சு.

இன்னிக்கும் என்னைப் பார்த்ததும் கைத்தடியை ஊனி எழுந்தார். "உட்காருங்கய்யா."

உட்கார்ந்துட்டேன். அரியலூர் வரைக்கும் அவர் நின்னுகிட்டே வந்தார்.

அந்த மந்திரி வேஷத்தை நான் எப்ப கலைச்சேன்னு யாருக்காவது ஞாபகம் இருந்தா சொல்லுங்க.