ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை கேட்ட டீச்சர்

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் செந்துறை வண்டிக்குக் காத்துக்கொண்டிருந்தபோது யூசுப் பாயிடமிருந்து போன் வந்தது. அவர் எனக்கு நேராகப் போன் செய்கிற ஆள் இல்லை. அவர் மனைவி ரஹ்மத் டீச்சர் என்னோடு போனில் பேசும்போது பின்னால் நின்று, "டீச்சருக்கு சலாம் சொல்லு" என்று குரல் மட்டும் கொடுக்கிற மனிதர். அன்று அவரே பேசினார். "டீச்சர், ரஹ்மத்து மவுத்தாயிட்டா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். காதில் விழுந்தும் நான் "என்ன பாய் சொல்றீங்க?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மாலைதான், "நாளைக்கு உங்க டிபன்ல புளிச்சோறு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவர். புளிச்சோறு என் பையில் இருந்தது. செந்துறை வண்டியை விட்டுவிட்டு அவர்கள் ஊரான லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன்.

செந்துறைப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் அவர் அறிவியல், நான் கணக்கு. பத்தாம் வகுப்பை ஆண்டுக்கணக்கில் இருவரும் சேர்ந்து இழுத்தோம். எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும். அவர் அதிர்ந்து பேச மாட்டார். பிள்ளைகள் என்னைப் பார்த்தால் ஓடுவார்கள், அவரைப் பார்த்தால் ஒளிவார்கள். ஏனென்றால் அவர் கண்ணில் பட்டால் ஏதாவது வேலை சொல்லிவிடுவார். அதிலும் எந்தப் பிள்ளை அடிபட்டு நிற்கிறதோ அதைத் தேடிப் போய்ச் சொல்வார். அப்பா விட்டுப் போன பிள்ளை, ஆங்கில மீடியத்திலிருந்து பீஸ் கட்ட முடியாமல் எங்களிடம் வந்து சேர்ந்த பிள்ளை, பெயிலான பிள்ளை என்று யாரையும் விட மாட்டார். "எனக்கு ஒரு உதவி வேணும்பா" என்றுதான் தொடங்குவார். அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கும்போது அந்தக் குரல் காதில் கேட்கும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன். நொந்து கிடக்கிற பிள்ளையிடம் போய் வேலை வாங்குவது என்ன நியாயம் என்று பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். நித்யா விஷயத்தில் அந்தச் சண்டை முற்றிவிட்டது.

நித்யா எங்கள் பள்ளியின் செல்லம். கணக்கில் நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்வாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவதற்கு முன்பே அவளுடைய தாய்மாமன் அரியலூரில் பத்துக்கு ஆறு ஃப்ளெக்ஸ் அடித்து வைத்துவிட்டார். ரிசல்ட் அன்று கடையில் கூட்டமாக இருக்கும் என்று முன்யோசனையாம்! 'பள்ளியின் முதல் மாணவி' என்று போட்டு, மதிப்பெண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். பெண்ணோ மஞ்சள்காமாலையோடு பரீட்சை எழுதியிருந்தாள். கணக்குத் தேர்வில் பாதியில் மயங்கி எழுந்து வந்ததை வீட்டில் சொல்லக்கூட இல்லை. ரிசல்ட் வந்தது. கணக்கில் பெயில்.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்ததைப் பார்த்தால் எழவு வீடு கெட்டது. ஒவ்வொருவரும் பழம் வாங்கிக்கொண்டு வந்து, "என்னடி இப்படிப் பண்ணிட்ட?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவள் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். துணைத் தேர்வுக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. "அது எழுதாது டீச்சர். திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குச் சொல்லி வச்சுட்டேன். ஊர் வாயிலேர்ந்து தப்பிச்ச மாதிரியும் ஆச்சு" என்றார் மாமன். ஃப்ளெக்ஸ் அடித்த அவமானம் அவருக்கு.

நானும் ஆர்லிக்ஸ், ஆப்பிள், மாதிரி வினாத்தாள் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். நீ எவ்வளவு கெட்டிக்காரி, இதெல்லாம் ஒரு தோல்வியா என்று பேசிக்கொண்டே இருந்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடைசியில், "போங்க டீச்சர்" என்றாள். வெளியே வந்து அழுதேன்.

மறுநாள் ரஹ்மத் டீச்சர் போனார். நானும் கூடவே போனேன், இவர் என்ன அதிசயம் செய்யப்போகிறார் என்று பார்க்க. கை வீசிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட இல்லை. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பிறகு, "நித்யா, எனக்கு ஒரு உதவி வேணும்பா. பக்ரீத் குர்பானிக்கு ரெண்டு ஆடு வாங்கிக் கட்டியிருக்கோம். கொட்டாய்ல கூரை பிஞ்சு போச்சு. நேத்து மழையில ரெண்டும் நனைஞ்சு நின்னுச்சு. உன் மாமா அடிச்ச ஃப்ளெக்ஸ் சும்மாதானே கிடக்கு? அதைக் குடேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நித்யா எழுந்து உட்கார்ந்து, "எடுத்துட்டுப் போங்க" என்றாள். நாலு நாளில் அவள் எழுந்து உட்கார்ந்ததே அப்போதுதான்.

"நான் எங்கம்மா தூக்குறது? இடுப்பு வலி. நீ கொண்டாந்து கட்டியும் குடுத்துரு. பாய்க்கு ஏணி மேல ஏறினா தலை சுத்தும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

தெருமுனை வரை பொறுத்துக்கொண்டேன். அப்புறம் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? அந்தப் பொண்ணு மூஞ்சி போட்ட ஃப்ளெக்ஸ ஆட்டுக்கொட்டாய்க்குக் கேக்குறீங்களே!" என்று நடுரோட்டில் கத்தினேன். அவர் குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார். "அந்தப் பிள்ளைக்கு வாங்கி வாங்கிக் கை நிறைஞ்சு போச்சு டீச்சர். ஆப்பிளு, ஆர்லிக்ஸு, அட்வைஸு. நம்மால யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுக்கிட்டுக் கிடக்கு. அதுக்கிட்ட போய் நாமளும் குடுத்துக்கிட்டே இருந்தா எப்படி?" என்றார். "வரலன்னா?" என்றேன். "வரலன்னா ஆடு நனையும். வேற என்ன பண்றது?" என்றார்.

இரண்டு நாள் வரவில்லை. நான் "பாத்தீங்களா?" என்று குத்திக் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் நித்யா அந்தச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு, டீக்கடையைத் தாண்டி, ஊர் பார்க்க நடந்து, பஸ் ஏறினாள். கண்டக்டர் "என்ன பாப்பா, பேனரா? யாருக்கு?" என்று கேட்டாராம். "ஆட்டுக்கு" என்றாளாம். பஸ்ஸே சிரித்ததாம். தானும் சிரித்துவிட்டதாக அவளே பிற்பாடு சொன்னாள்.

யூசுப் பாய் ஏணியைப் பிடிக்க, அவளே மேலே ஏறிக் கட்டியிருக்கிறாள். வெள்ளைப் பக்கம் வெயிலுக்கு, முகம் இருந்த பக்கம் உள்ளே. "ஆடு ரெண்டும் அண்ணாந்து என்னையே பாத்துச்சு டீச்சர்" என்பாள். கட்டி முடித்துச் சோறு சாப்பிடும்வரை பரீட்சையைப் பற்றி ரஹ்மத் டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளாகத்தான், "கணக்கு டீச்சர் என் மேல கோவமா இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறாள். உடனே எனக்குப் போன். "பிள்ளை கேக்குது. வாங்க" என்று சுருக்கமாகச் சொன்னார். அடுத்த பஸ்ஸில் போனேன். அன்றிலிருந்து தேர்வு வரைக்கும் அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில்தான் பாடம். நித்யா எழுதினாள், பாஸானாள். இப்போது பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள்.

எல்லோரிடமும் இது பலித்தது என்று சொன்னால் ரஹ்மத் டீச்சரே சிரிப்பார். ஒரு பையனிடம் எத்தனையோ தடவை உதவி கேட்டும் அவன் வராமலே போய்விட்டான். வருத்தத்தோடு, "எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியா டீச்சர்? அதுக்கு வேற ஆளு வேணும்" என்று சொல்லி, என்னை அனுப்பிப் பார்த்தார். எனக்கும் அவன் மசியவில்லை.

இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "வூட்டுலதான்" என்றார். யூசுப் பாய் சவுதியில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட, பாதியில் திரும்பி வந்திருந்த காலம். தெருவில் கால் வைத்தால், "எப்ப திரும்பப் பயணம்?" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து கட்டிலே கதி என்று கிடந்தாராம். "ஆறுதல் சொல்லிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல. ஒருநாள் நிஜமாவே பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. என்னைக் கொண்டுபோய் விடுங்கன்னு கெஞ்சினேன். சட்டைய மாட்டிக்கிட்டு வந்துட்டாங்க. அட, இவ்வளவுதானான்னு இருந்துச்சு" என்றார். அன்று முதல் தினமும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பாயின் வண்டியில்தான் வந்தார். அப்புறம் பாய் சின்னதாக ஒரு கடையும் போட்டார்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். முகம் காட்டினார்கள், தூங்குகிற முகம்தான். ஆண்கள் மய்யித்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போன பிறகு நான் ஒரு மூலையில் சுருண்டுவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், யாரோ முதுகைத் தடவினார்கள். எதுவும் உறைக்கவில்லை. அப்போது நித்யா வந்து குனிந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "டீச்சர், ஒரு உதவி வேணும். காலையிலேர்ந்து ஆட்டுக்கு யாரும் தண்ணி காட்டல" என்றாள்.

"இப்பவாடி?" என்று சீறினேன். அவள் அசையவில்லை. எழுந்து போனேன். கொல்லையில் புதுக் கூரை போட்ட கொட்டகையில் இந்த வருடத்து ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான் எனக்கு மூச்சே ஒழுங்காக வந்தது.

மூன்றாம் நாள் மறுபடி போனேன். நித்யாவும் வந்திருந்தாள். யூசுப் பாய் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலுக்குப் போவதோடு சரி, கடையைத் திறக்கவில்லை, யாரோடும் பேசவில்லை என்று உறவுக்காரப் பெண் ஒருவர் சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"பாய், ஒரு உதவி வேணும். நித்யாவுக்குப் பெரம்பலூர் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொஞ்சம் கொண்டுபோய் விடுங்க" என்றேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"நீங்களுமா டீச்சர்?" என்றார்.

பிறகு எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தார். நித்யா பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்புகிற சத்தம் வரைக்கும் வாசலில் நின்று கேட்டேன்.

ரஹ்மத் டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது 'ஒரு உதவி வேணும்' என்கிற இந்த ஒரு வாக்கியம்தான். சனி, ஞாயிறு முடிந்து நாளைக்குப் பள்ளி திறக்கிறது. எட்டு நாளாக வாய் திறக்காத பிள்ளை ஒன்று என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கிறது. அதனிடம் எதைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.