மஞ்சள் தடவிய சண்டைப்படம்

மலேசியாவின் யோங் பெங் வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, கூடாரமும் நாற்காலியும் பெரும்பாலும் என்னுடையதுதான். இருபது வருடமாக வாடகைக்கு விடுகிறேன். ஆகவே கூட்டம் சேர்ப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்போடுதான் மகளின் படிப்பில் மூக்கை நுழைத்தேன்.

அவள் ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் படம் எடுக்கப் படிக்கிறாள். அந்த செமஸ்டரில் அவளுக்குக் கொடுத்த வேலை, ஒரு சண்டைப்படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுப்பது. மீதிப் படம் வேண்டாமாம். மேளம் வாசித்துவிட்டுத் தாலி கட்டாமல் போவதுபோல் எனக்குப் பட்டது. ஆனால் எடுத்தால் மட்டும் போதாது. பதினைந்து வயதுக்கு மேல், இருபத்தைந்துக்குள் இருக்கும் இருபது பேருக்குப் போட்டுக் காட்டி, அது அவர்களை இழுத்ததா என்று தாளில் எழுதி வாங்க வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் எழுதினால் செல்லாது. திங்கட்கிழமைக்குள் இருபது தாள் இல்லையென்றால் பாடம் தேறாது, அடுத்த செமஸ்டர் திரும்பவும் முதலிலிருந்து.

"பா, ஒங்களுக்குத்தான் ஊரெல்லாம் ஆள் தெரியுமே. சனிக்கிழம அஞ்சு மணிக்கு இருவது பேர வரச் சொல்ல முடியுமா?"

"இருவதா? நாப்பது பேரக் கொண்டாறேன் லா."

"நாப்பது வேணாம்பா. வயசுதான் முக்கியம்."

"எல்லாருக்கும் வயசு இருக்கு" என்றேன். இப்போது நினைத்தால் அந்த வாயைக் கூடாரக் கயிற்றால் கட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அவள் ஒரு போஸ்டர் செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாள். முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு லோரியின் விளிம்பைப் பிடித்த கை மட்டும். கறுப்புப் பத்திரிகையைப் பார்த்து யாராவது மண்டபத்துக்கு வந்ததை நான் கண்டதில்லை. ஆகவே அவளிடம் சொல்லாமல் டவுனில் இருக்கும் அச்சுக்கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனரிடம் தமிழில் இரண்டே மாதிரி அட்டைகள் இருந்தன. ஒன்று கல்யாணம், இன்னொன்று பதினாறாம் நாள். யோசித்துக் கல்யாணத்தைத் தேர்ந்தெடுத்தேன். மேலே பிள்ளையார், ஓரத்தில் மாவிலை, நடுவில், 'எங்கள் அன்பு மகள் எடுத்த திரைப்படத்தின் தொடக்கக் காட்சியைக் காணத் தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து' என்று தெளிவாகப் போடச் சொன்னேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

மஞ்சள் தடவாமல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பத்திரிகையும் வெளியே போகாது. என் மனைவி நான்கு மூலையிலும் தடவினாள். பட்டுச் சேலை கட்டினாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம். இருவருமாக எங்கள் குடியிருப்பான தாமானில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். இளசுகள் எந்த வீட்டிலும் இல்லை. அம்மாக்கள்தான் வாங்கிக்கொண்டார்கள். "பெரிய பிள்ளைங்களையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். எல்லாரும் ஏகத்துக்குச் சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா என் மனைவியின் கையைப் பிடித்து, "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றார். பரீட்சைக்குத்தான் வாழ்த்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை. தாமானின் பொது மண்டபத்தில் ஜன்னல்களை என் கூடாரத் துணியால் மூடி இருட்டாக்கியிருந்தேன். ஐம்பது நாற்காலி. மகள் கறுப்புச் சட்டையில், கையில் இருபது தாளும் இருபது பேனாவுமாக வாசலில் நின்றாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முதல் கார் வந்தது. காஞ்சிப் பட்டில் ஓர் அக்கா இறங்கினார். கையில் தாம்பாளம். அதில் ஆப்பிள், ஆரஞ்சு, கற்கண்டு. அடுத்த காரிலும் பட்டு, தாம்பாளம். ஐந்தேகாலுக்கு முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது வயதுக்குக் கீழே ஒரு தலை இல்லை. திரைக்கு முன்னால் ஏழு தாம்பாளம் வரிசையாக இருந்தது.

முதல் வரிசை அக்கா என்னைக் கூப்பிட்டார். "பரிசம் எத்தன மணிக்குப் போடுறீங்க? மாப்ள வீட்டுக்காரங்க இன்னும் வரலியா?"

எங்கள் ஊரில் பத்திரிகையை யாரும் படிப்பதில்லை. மஞ்சளைப் பார்ப்பார்கள், தேதியைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இருபது வருடம் கல்யாண வீட்டிலேயே கிடந்த எனக்கு இது தெரியாமல் யாருக்குத் தெரியும்? தெரிந்தும் செய்திருக்கிறேன்.

மகள் வந்தாள். "பா, யாரு இவங்கல்லாம்?"

"நம்ம ஆளுங்கதான்மா."

"வயசு?"

"மனசால எல்லாரும் சின்னப் பிள்ளைங்கதான்."

அவள் சிரிக்கவில்லை. தாள்களைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், கீழுதட்டைக் கடித்தாள். சின்ன வயதில் கீழே விழுந்து, அழுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது கடிப்பாள், அதே கடி. நாலு மாத உழைப்பை நான் ஒரு சொட்டு மஞ்சளில் கரைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பதற்றம் வந்தால் சிலருக்கு வேகம் வரும். எனக்குத் துடைக்க வரும். துடைத்த நாற்காலிகளையே திரும்பத் துடைத்தேன். தலைகளை எண்ணினேன், எண்ண எண்ண வயது குறைந்துவிடும் என்பதுபோல. கடைசியில் எதிர்வீட்டு அக்காவின் காதருகே குனிந்து, "அக்கா, ஒரு தாள் குடுத்தா வயசு இருவத்தஞ்சுன்னு போட்ருவீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டுக்கலாம் தம்பி, அதுக்கென்ன. மாப்ளக்கி என்ன வேல?"

"பா" என்றாள் மகள் பின்னாலிருந்து. "பொய்யா எழுதுன தாள் எனக்கு வேணாம்."

"பிள்ளைங்கள கூட்டிட்டு வரச் சொன்னேனே" என்று அக்காவிடம் முனகினேன்.

"வந்துருக்கு லா. பிள்ளைங்கதான வண்டி ஓட்டுச்சி. வெளிய கார்ல இருக்கும்."

ஓடிப் போய்ப் பார்த்தேன். மரங்களுக்கடியில் இருபதுக்கு மேல் கார்கள், எல்லாம் எஞ்சின் ஓடிக்கொண்டு, குளிர்சாதனம் போட்டபடி. ஒவ்வொன்றிலும் போனுக்குள் குனிந்த ஒரு தலை. அவளுக்கு வேண்டிய வயது முழுவதும் மண்டபத்திலிருந்து முப்பது அடியில் உட்கார்ந்திருந்தது. ஒரு கண்ணாடியைத் தட்டினேன். இரண்டு அங்குலம் இறங்கியது.

"தம்பி, உள்ள வாங்க. சண்டைப்படம் போடுறோம்."

"தாக் ஆப்பா, பரவால்ல அங்கிள். சாப்பாடு போட்டா கூப்புடுங்க." கண்ணாடி ஏறிவிட்டது.

அடுத்த காரிலிருந்த பெண் கண்ணாடியையே இறக்கவில்லை. விரலை மட்டும் ஆட்டினாள். பத்துக் காரைத் தட்டினேன். பத்தும் அதே கதை. சட்டை நனைந்து உள்ளே வந்தேன்.

"சரி விடுங்கப்பா" என்றாள் மகள். "பட்டுக் கட்டி வந்தவங்கள சும்மா அனுப்ப முடியாதுல்ல. போட்டுருவோம்." விளக்கை அணைத்தாள். பரிசத்துக்கு முன்னால் ஏதோ வீடியோ போடுகிறார்கள் என்று அக்காமார் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். நான் கதவருகே சுவரில் ஒட்டி நின்றேன்.

அதுவரை நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. யார் நடிக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "கூட்டாளிங்கதான்பா, நான் கேமராகிட்ட நிக்கிறேன்" என்றிருந்தாள்.

திரையில் பெக்கோக் பக்கத்துத் தோட்டச் செம்மண் சாலை. செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லோரி புழுதி பறக்க ஓடுகிறது. பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு ஓர் உருவம் மேலே ஏறுகிறது. முகத்தில் துணி. முள்ளுக் குலைகளின்மேல் தடுமாறி நடக்கிறது, விழப் பார்க்கிறது, நிமிர்கிறது. காற்றில் துணி அவிழ்ந்து பறக்கிறது. என் மகள். நான் நம்புவதற்குள் அவள் லோரியின் பின் விளிம்புக்கு வந்து, இரண்டு கையையும் விரித்து, வெறும் காற்றில் பாய்ந்தாள். திரை இருண்டது.

நான் கத்தினேன். கத்தினேன் என்று சொல்வது மரியாதைக்காக. பன்றி பிடிக்கிறவனிடம் மாட்டிய பன்றியைக் கேட்டவர்களுக்கு விளங்கும். "ஏய் எறங்குடி, எறங்குடி கீழ" என்று தொடங்கி, அவள் ஏற்கெனவே குதித்துவிட்டதால் அதற்கு மேல் வார்த்தையில்லாமல் வெறும் சத்தமாகப் போனது. மகள் என்னிடமிருந்து இரண்டடியில் முழுசாக நின்றுகொண்டிருந்தாள். அது என் கண்ணில் படவே இல்லை. முன்வரிசையில் ஒரு தாம்பாளம் கவிழ்ந்து ஆரஞ்சுகள் உருண்டன.

கார் கதவுகள் படபடவென்று திறந்த சத்தம் கேட்டது. ஒருவன் ஐஸ் தேநீர்ப் பொட்டலத்தோடு, ஒருத்தி ஒரு செருப்போடு, பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி, எல்லாரும் கதவை முட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"அலமாக், யாரு அங்கிள் ஒங்கள அடிச்சா?"

"டேய், பெருசு கீழ உக்காந்துருக்குடா. ஆம்புலன்ஸ் கூப்புடவா?"

என்னால் திரையைக் கைகாட்டத்தான் முடிந்தது. "இத பாத்தா இப்டி ஆச்சு?" என்றான் தேநீர்க்காரன். "எங்க, போடுங்க பாப்போம்."

மகள் ஒரு நொடியை வீணாக்கவில்லை. "உக்காருங்க. மொதல்லேர்ந்து போடுறேன்." அவர்கள் தத்தம் அம்மாக்களின் பக்கத்திலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். அவள் போட்டாள். பாய்ச்சல் வந்ததும் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவன், "இன்னொரு வாட்டி" என்றான். மூன்று தடவை ஓடியது. மூன்று தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் மனைவி நிதானமாக எனக்குப் பத்திரிகையால் விசிறினாள்.

இருபத்திரண்டு தாள் சேர்ந்தது. எல்லாம் உண்மையான வயது. ஆனால் 'உங்களை முதலில் இழுத்தது எது' என்ற கேள்விக்கு, முக்கால்வாசிப் பேர் 'அங்கிள் கத்துன சத்தம்' என்று எழுதியிருந்தார்கள். அக்காமாருக்கு நான் உண்மையைச் சொன்னேன். திட்டினார்கள். அதற்குப் பிறகு, கொண்டுவந்த பழங்களை அவர்களே அறுத்து எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

அன்று வீட்டில் மகள் என்னைச் சமாதானப்படுத்தினாள். "லோரி நின்னுக்கிட்டுதான்பா இருந்துச்சு. மரம் ஓடுற மாதிரி கம்ப்யூட்டர்ல செஞ்சோம்." நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை ஒலிவாங்கியோடு வந்தாள். "இருவத்திரெண்டு பேரும் அந்தச் சத்தத்துக்குத்தான் வந்தாங்க. அது படத்துல இருந்தாத்தான் நான் எழுதப் போறது உண்மையாகும். நேத்து மாதிரி ஒரு வாட்டி கத்துங்க." எதிரொலி வரக்கூடாது என்று என்னைச் சேலை அலமாரிக்குள் நிறுத்தினாள். கத்தினேன். வயிற்று வலி வந்த மாடு மாதிரி இருக்கிறது என்றாள். பத்துத் தடவை கத்தினேன். ஒன்றும் தேறவில்லை.

அவள் ஒலிவாங்கியை என் வாய்க்கு நேரே வைத்தாள். பிறகு போனை நீட்டினாள். "இது வெட்டாததுப்பா. பாருங்க."

மரம் ஓடவில்லை, லோரிதான் ஓடியது. அவள் விளிம்புக்கு வந்து பாய்ந்தாள். கேமரா அவளோடு கீழே திரும்பியது. பின்னால் நெருங்கி வந்த சின்ன லோரியின் தட்டில் நாலு மெத்தை, அதில் போய் விழுந்தாள். அந்தச் சின்ன லோரியின் பக்கத்தில் என் கடையின் பெயர் எழுதியிருந்தது. ஓட்டுகிற இடத்தில், கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்து, வளையல் கையால் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு, என் மனைவி.

"கெடச்சிருச்சுப்பா" என்றாள் மகள், காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபடி.

அந்தச் சத்தத்தோடுதான் திங்கட்கிழமை கொடுத்தாள். தேறினாள். அது பிறகு நடந்தது. அன்று நான் அலமாரியிலிருந்து நேரே சமையலறைக்குப் போனேன். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயா ஓட்டுன?"

"இருவதுலதான் போனேன்" என்றாள், நிமிராமல். "நான் ஓட்டலன்னா அவ கூட்டாளி ஒருத்தன் ஓட்டிருப்பான். லைசென்ஸ் எடுத்து மூணு மாசந்தான் ஆச்சு அவனுக்கு. எது பரவால்ல, நீங்களே சொல்லுங்க."

நான் மேசைத் துணியை எடுத்தேன். ஏற்கெனவே துடைத்திருந்த மேசையைத் துடைத்தேன்.