நாலாவது மாடிக் கதவு

ஓர் எழுத்துகூட மாறாத உண்மைக் கதை இது. சரி, அங்கங்கே கொஞ்சம் இழுத்திருப்பேன். இழுக்காமல் சொன்னால் என் மாமாவின் வாழ்க்கை மொத்தம் நாலு மாடி உயரம்தான். அதற்கா நீங்கள் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்?

மாமா அரசாங்கக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். அவர் ஏறி இறங்கியதை நீட்டிப் போட்டால் நிலாவுக்கு இரண்டு தடவை போய்வரலாம். முதலில் ராஜாவை ஏற்றினார். ராஜாவைத் துரத்திவிட்டுத் தளபதி வந்தார், அவரையும் ஏற்றினார். லிஃப்டுக்குள் தொங்கும் படத்தை மாற்றியதும் மாமாதான். படம்தான் புதுசு, ஆணி அதேதான்.

அது கம்பிக் கூண்டு லிஃப்ட். எந்த மாடியில் கதவு ஒரு விரல் திறந்திருந்தாலும் நகராது. நாலாவது மாடியைக் கூட்டித் துடைக்கும் அத்தைக்கோ கதவைச் சாத்தும் பழக்கமே கிடையாது. "நாலாவது மாடி! கதவச் சாத்து!" என்று மாமா போடும் சத்தத்தில் தெருவில் போகும் பஸ்ஸெல்லாம் கதவைச் சாத்திக்கொள்ளும். கத்திக் கத்தியே இருவருக்கும் கல்யாணமும் ஆனது.

தளபதியின் கடைசி வருடம். நாடு முழுக்க வேலைநிறுத்தம் என்று பேச்சு. நாலாவது மாடி குமாஸ்தாக்கள் அடித்த நோட்டீஸை, காலி வாளிக்குள் ஒளித்துவைத்துக் கட்டடம் முழுக்கக் கொடுத்தது அத்தைதான்.

ஒருநாள் காலை பூட்ஸ் சத்தம். எண்பது துப்பாக்கி லிஃப்டுக்குள் நுழைந்தது. சரி, எட்டு. அதிகாரி கையில் பிடிக்க வேண்டியவர்களின் பட்டியல். மாமாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் கடைசி வரியை ஒரே மூச்சில் படித்துவிட்டார்: வாளிக்காரி.

"நாலாவது மாடி. சீக்கிரம்!"

"இதோங்கய்யா."

கைப்பிடியைத் திருப்பினார். முதல் மாடி போனது. இரண்டாவது போனது. மாமா தலையை நிமிர்த்தி, சுவர்க் காரை உதிரும்படி கத்தினார்: "நாலாவது மாடி! கதவச் சாத்து!"

மேலே அத்தைக்குத் தலை சுற்றியது. அதிசயமாக அன்று கதவு சாத்தித்தான் இருந்தது. சாத்தாமலா லிஃப்ட் ஏறி வருகிறது? கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். கூண்டு நிறையப் பச்சைத் தொப்பி! சட்டென்று கதவை இழுத்துத் திறந்து, நடுவில் துடைப்பக் கட்டையைச் செருகினாள். லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே தொங்கியது.

"என்னய்யா ஆச்சு?"

"மேல ஒருத்தி கதவத் தொறந்து போட்டுட்டாங்கய்யா. எத்தன வருஷமா கத்துறேன், கேட்டாத்தான?"

அவர்கள் வெளியே வர ஒரு மணி நேரம். அதற்குள் குமாஸ்தாக்களும் அத்தையும் வாளியும் பின்படிக்கட்டில் இறங்கிக் கூட்டத்தோடு கலந்துவிட்டார்கள். மறுநாள் வேலைநிறுத்தத்தில் ஒரு சக்கரம்கூட ஓடவில்லை. பத்தாம் நாள் தளபதி ஓடினார். ஆக, அரசாங்கத்தைக் கவிழ்த்தது என் மாமாவின் தொண்டை!

"தொண்டையா?" சமையலறையிலிருந்து அத்தை பாய்ந்து வந்தாள். "இவரு பழக்க தோஷத்துல கத்துனாரு. மூள வேல செஞ்சது எனக்கு!"

மாமா நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "சாத்துன கதவுக்கு எதுக்குடி கத்துவேன்? ஒனக்குத்தான் சொன்னேன்!"

"அப்ப 'ஓடு'ன்னு கத்த வேண்டியதுதான?"

"எட்டுத் துப்பாக்கிக்கு நடுவுலயா?"

"அக்கா சொல்றதுதான் சரி," என்றார் பக்கத்து வீட்டுத் தையற்காரர்.

"ஒன்ன யாருய்யா கேட்டா?" என்றார் மாமா.

"அண்ணன் சொல்றதுல என்ன தப்பு?" தையற்காரரின் மனைவி சொந்தப் புருஷன் மேலேயே பாய்ந்தாள்.

டம்ளர் ஒன்று பறந்தது. அத்தை துடைப்பத்தைத் தேடுகிறாள். அதற்குள் யாராவது அந்த வாசல் கதவைத் திறங்களேன்!