எழும்ப மறுத்த கணனிகள்

கணனி திருத்துகிறவனைத் தேடி யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அதில் வந்த ஒற்றை ஆங்கில வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு இது விளங்கும். தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், இலங்கையின் கிழக்கே கல்முனையில் நானும், பாண்டிருப்பைச் சேர்ந்த என் கூட்டாளி குணமும் ஒரு சிறிய கடை வைத்திருந்தோம். இவை அங்கே நடந்தவை.

கல்யாணக் காட்

அச்சகம் வைத்திருந்த ஹனீபா காக்கா கணனியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினார். மருதமுனைக் கல்யாணம் ஒன்றின் அழைப்பிதழ் அதற்குள் இருந்தது. காட் இன்னும் அச்சாகவில்லை, மாப்பிள்ளை வீட்டார் அச்சகத்திலேயே வந்து குந்திவிட்டார்கள். யாரோ கொண்டுவந்த பிளொப்பியிலிருந்து வைரஸ் ஏறி, கணனி எழும்ப மறுத்துவிட்டது.

ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தில் பூட் ரெக்கோட் என்று ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. எழும்பும்போது கணனி முதலில் அதைத்தான் வாசிக்கும். அது கெட்டால், உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தாலும் எங்கே தொடங்குவதென்று கணனிக்குத் தெரியாது. கடைக்கு வரும் ஒவ்வொரு கணனியிலிருந்தும் அந்தத் துண்டை நகலெடுத்து, ஆளின் பெயர் எழுதிய பிளொப்பியில் வைப்பது எங்கள் வழக்கம். முன்பு எடுத்து வைத்திருந்த காக்காவின் நகலைத் தேடி எடுத்து, வைரஸ் கெடுத்த இடத்தில் திரும்ப எழுதினேன். கணனி எழும்பியது. அழைப்பிதழும் இருந்தது. கணனி செத்தே போனதென்று நினைத்திருந்த காக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அப்ப இது மௌத்தாகல்ல தம்பி, தன்ட பேர மறந்துபோய்க் கிடந்திரிக்கி.”

மற்றவரின் நகல்

அக்கரைப்பற்றில் கணனி வகுப்பு நடத்திய ஓர் ஆசிரியர், எல்லாருக்கும் ‘சேர்’, தன் கணனி எழும்பாதபோது எங்களிடம் வரவில்லை. நண்பர் ஒருவருக்கு நாங்கள் கொடுத்திருந்த நகலை வாங்கித் தன் டிஸ்க்கில் எழுதிவிட்டார். நண்பரின் டிஸ்க் வேறு அளவு, பிரித்திருந்த விதமும் வேறு. மாணவர்களின் பரீட்சை முடிவுகள் இருந்த பகுதி அப்படியே காணாமல் போனது. டிஸ்க்கைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

குணம் அன்று பிந்தித்தான் வந்தான். வந்ததும் நேரே வேலையில் குந்தினான். காணாமல் போன பகுதி டிஸ்க்கில் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தேடித் தேடிக் கண்டுபிடித்து, பின்னேரம் முடிவுகளை மீட்டுக் கொடுத்தான். சேர் அதுவரை தேத்தண்ணியைத் தொடவில்லை. “எல்லாம் ஒரே பூட் ரெக்கோட்தானே, ஏன் எனக்குச் சரிவரல்ல?” என்று சிரித்தபடி கேட்டார். குணம் சிரிக்கவில்லை.

“சேர், அது அடையாள அட்டை மாதிரி. இண்டைக்குக் காலம்பற என்ட அட்டையக் காட்டியே செக்பொயின்ற்ல அவ்வளவு நேரம் நின்டன், வேற ஆள்ட அட்டையோட போயிருந்தா இப்ப உங்கட டிஸ்க்கப் பாக்க நான் இரிக்க மாட்டன்.”

இரண்டாவது வரி

சாய்ந்தமருதில் ரிபாயா டீச்சர் வீட்டுக்கு நான் போனது அவருடைய மகளுக்காக. மகள் படிப்பதற்குப் புதிய இயங்குதளம் வேண்டும். ஆனால் பழையதை அழிக்க டீச்சர் விடவில்லை. விபத்தில் மௌத்தான கணவர், பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடங்களை அதில்தான் தமிழில் தட்டச்சு செய்திருந்தார். அவர் பாவித்த தமிழ் மென்பொருள் புதியதில் ஓடாது.

அதனால் பழையதின் பூட் ரெக்கோட்டை முதலில் ஒரு கோப்பாக நகலெடுத்து வைத்தேன். பிறகு புதியதை ஏற்றி, தொடக்கத்தில் வரும் தெரிவுப் பட்டியலில் இரண்டாவது வரி அந்த நகலைக் காட்டும்படி செய்தேன். அந்த வரியைத் தெரிவு செய்தால், நகலிலிருந்து பழையது எழும்ப வேண்டும்.

எழும்பவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. டீச்சர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பட்டியலில் கோப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததைக் கண்டேன். திருத்திவிட்டு மறுபடி தொடக்கினேன். பழைய திரை மெல்ல வந்தது.

கணவர் கடைசியாகத் தட்டச்சு செய்த பாடத்தைத் திறந்தேன், பின்னக் கணக்கு. ஒரு கேள்வி பாதியிலேயே நின்றிருந்தது. டீச்சர் அதை இரண்டு தரம் வாசித்தார், பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “இதை அவர் முடிக்காமப் போயிட்டார், நான் முடிச்சிட்டுத் தாறன். அதுக்குப் பிறகு புதிசத் திறந்து குடுங்க தம்பி, மகள் படிக்கணும்.”

கணனியை எழுப்புவது பெரும்பாலும் சின்ன வேலைதான், அதைக் கொண்டுவந்தவரை ஆறுதலாக உட்கார வைப்பதில்தான் எங்கள் நாளெல்லாம் போனது.