தாசில்தாரைக் கூண்டுக்குக் கூப்பிட்ட நாள்

கோர்ட்டில் பேர் சொல்லிக் கூப்பிடும் டவாலிக்குத் தொண்டைதான் உத்தியோகம். கத்திக் கத்திச் சோறு தின்ற என் சகாக்களுக்கு இது புரியும்.

நடுவில் ஒரு தட்டி

ஐம்பதுகளில் திருமயத்தில் எனக்கு வேலை. அதுவரை வரி கேட்பவரும் தாசில்தார்தான், வழக்கு விசாரிப்பவரும் அவரேதான். திடீரென்று உத்தரவு வந்தது: நீதி தனி, நிர்வாகம் தனி! தாலுகா ஆபீஸ் கட்டடத்துக்கு நடுவே மரத்தட்டி அடித்தார்கள். அங்கிட்டுத் தாசில்தார், இங்கிட்டுப் புது மாஜிஸ்திரேட். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மனுக் கொடுக்க வந்த ஒரு பெரியவர் தட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இம்புட்டு நாளா அடிச்சவருகிட்டயே போயி அழுதோம். இனிமே அழுகையக் கேக்க வேற ஆளா? நெசமாத்தானா?"

வர மாட்டேன்

முதல் பெரிய வழக்கே அரிமளத்து இருளாயியுடையது. கண்மாய் மடையை உடைத்தாள் என்று தாசில்தாரே கொடுத்த புகார். தண்டனை என்றால் ஜெயில். புருஷன் இல்லாதவள், வயலில் கதிர் முற்றி நிற்கிறது.

விசாரணைக்கு முன்பு தாசில்தாரின் பியூன் மாஜிஸ்திரேட்டிடம் வந்து, "ஐயா ரூமுக்கு வரச் சொன்னாங்க" என்றான். மாஜிஸ்திரேட் சின்ன வயசுக்காரர். ஆனாலும் அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அவர் இந்த வழக்குல சாட்சி. சாட்சிதான் கோர்ட்டுக்கு வரணும்."

சட்டம் போட்டவர்

அடுத்து எம்.எல்.ஏ. வந்தார். இருளாயி ஊர்க் கணக்குப்பிள்ளை அவருக்குச் சொந்தம். "இந்தப் பொம்பளைய விட்டுடாதீங்க. சட்டம் போடுறதே நாங்கதானே" என்றார் சிரித்துக்கொண்டே. மாஜிஸ்திரேட்டும் சிரித்தார்.

"போடுறது நீங்க. படிச்சுத் தீர்ப்புச் சொல்றது நான். அந்தப் பெஞ்சுல உக்காந்து கேளுங்க."

கூப்பிட்டேன்!

தாசில்தார் பேரை நான் கூப்பிட வேண்டும். நேற்றுவரை என் லீவு அவர் கையில்! முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன் பாருங்கள், எதிர்த்த டீக்கடையில் ஆள் எழுந்து நின்றான்.

தாசில்தார் கூண்டில் ஏறினார். இருளாயிக்கு வக்கீல் இல்லை; அவளே கேட்டாள்: "நான் மடையை ஒடச்சத நேர்ல பாத்தீங்களா சாமி?"

"இல்லை."

"யாரு சொன்னா?"

"கணக்குப்பிள்ளை."

"மடை தெறந்தா தண்ணி யாரு வயலுக்குப் பாயும்?"

தாசில்தார் எம்.எல்.ஏ. இருந்த பெஞ்சுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "கணக்குப்பிள்ளை வயலுக்குத்தான்" என்றார். பெஞ்சில் எம்.எல்.ஏ. துண்டை எடுத்து முகம் துடைத்தார். இருளாயி விடுதலை! கும்பிட்டபடியே அறுப்புக்கு ஓடினாள். வெளியே வந்த தாசில்தார் என் எதிரே நின்றார். செத்தேன் என்று நினைத்தேன்.

"கூப்பிடு, வேணாங்கல. அதுக்காகத் திருமயம் கோட்டைக்கே கேக்குறாப்லயாய்யா கூப்பிடுவ?"

நீதியையும் நிர்வாகத்தையும் சர்க்கார் பிரித்துவிட்டது. ஆனால் இரண்டுக்கும் பொதுவாயிருந்த தண்ணீர்ப் பானையை எந்தப் பக்கத்து ஆள் நிரப்புவது என்பதற்கு மட்டும் நான் ஓய்வு பெறும்வரை தீர்ப்பு வரவில்லை.